ஊர்சுற்றி

"அக்கா, இவன் கெளம்புறப்ப வீட்டுல யாருமே எங்க போறன்னு கேக்கலையா?"

ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இப்படிக் கேட்டாள். 2022 அக்டோபர் மாதம். அப்போது நான் 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர். மாதம் ஆயிரம் ரூபாய், மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், ஏழு மணிக்கு அனுப்பிவைக்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பெரியகுளம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த பையன்கள் தென்னங்குச்சியை வாளாக்கித் திண்ணையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு வாய்ப்பாட்டுக்கு ஒருவனும் உட்காரவில்லை. சரி, கதையாவது படிப்போம் என்று அம்மாச்சியின் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

அது கடையில் வாங்கிய புத்தகமில்லை. 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டது. அம்மாச்சி ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவருடைய அண்ணன் படித்துமுடித்துத் தூக்கிப்போட்ட இதழ்களிலிருந்து அவர் காப்பாற்றி வைத்த பக்கங்கள் அவை. நடுவில் சில வாரங்கள் இல்லை. அந்த வாரங்களில் அண்ணன் வெளியூர் போயிருப்பார். அவர் ஊரில் இல்லாவிட்டால் அம்மாச்சிக்குக் கதையும் இல்லை. மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறிக் கிடந்தாலும் பிள்ளைகளுக்கு அது போதும். படத்தைக் காட்டிக் காட்டித்தான் கதை சொன்னேன்.

ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரி கடல்போலக் கிடக்கிறது. வாணர் குலத்து வாலிபன் ஒருவன் குதிரையில் வருகிறான். கையில் நாடு கிடையாது, படை கிடையாது. காஞ்சியிலிருந்து கொண்டுவந்த ஓலையும், தலை நிறையக் கனவும் உண்டு. எங்கே வம்பு கிடைக்கும், எங்கே வாளை உருவலாம் என்று பார்த்துக்கொண்டே போகிறவன். தமிழில் சாகசம் தேடிப் போகும் இளம் வீரன் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது இந்த வந்தியத்தேவன்தான். இன்று சிறுவர் சுருக்கமாகவும் படக்கதையாகவும் அவனே பிள்ளைகள் கையில் இருக்கிறான்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வந்தியத்தேவன் வீட்டைவிட்டுக் கிளம்புகிற காட்சியைப் பார்த்துத்தானே நாவலுக்குள் நுழைந்தோம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு காட்சியே கிடையாது. நாம் அவனை முதலில் பார்க்கும்போதே அவன் குதிரைமேல் இருக்கிறான். நாற்பது வருடமாக இந்தக் கதையைப் படிக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. ஏனென்றால் திண்ணைக்கு வருவதற்கே அவள் தினமும் மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

என் வாதம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆண் பிள்ளையின் சாகசக் கதை குதிரைமேல் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய அத்தியாயத்தை யாரும் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பெண் பிள்ளைக்கோ அந்த எழுதப்படாத அத்தியாயமே முழுக் கதையும். வாசல்படியைத் தாண்டுவதற்குள் அவள் ஆயுசில் பாதி போய்விடுகிறது.

'ஊர்சுற்றி' என்றொரு சொல் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். பையனைப் பார்த்து அதைச் சொல்லும்போது வாயில் சிரிப்பு இருக்கும். "பய ஊரெல்லாம் சுத்திட்டு வர்றான்" என்றால் காலில் சக்கரம் கட்டியவன், விவரமானவன், நாலு ஊர்த் தண்ணி குடித்தவன் என்று பொருள். அதே சொல்லைப் பெண்ணைப் பார்த்துச் சொன்னால் அவளுக்குக் கல்யாணம் நின்றுபோகும். எழுத்து மாறவில்லை, உச்சரிப்பு மாறவில்லை. பால் மாறியதும் பாராட்டு வசவாகிவிடுகிறது. அகராதியில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைகை அணைவரை போனேன். கூட ஒரு தோழி, முன்னால் கம்பியில். போனோம், தண்ணீரைப் பார்த்தோம், ஆளுக்கு ஒரு ஐஸ் வாங்கித் தின்றோம், திரும்பினோம். அவ்வளவுதான் குற்றம். தெருமுனையில் யாரோ பார்த்துச் சொல்லி, வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அன்றுதான் முதன்முதலில் அந்தச் சொல் என்மேல் விழுந்தது. சைக்கிளுக்குப் பூட்டு வந்தது. ஒரு மாதம் கழித்து என் தம்பி, என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதே சைக்கிளில் அதே அணைக்குத் தனியாகப் போய்விட்டு இருட்டியபிறகு வந்தான். அப்பா திட்டினார். ஆனால் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "அணை வரைக்கும் மிதிச்சிருக்கான் பாருங்க" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த பெருமையைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரே சாலை, ஒரே சைக்கிள். என்னுடைய பயணம் குடும்ப ரகசியம் ஆனது, அவனுடையது குடும்பக் கதை ஆனது.

'கதைதானே, சின்னப் பிள்ளைகள் படிப்பதில் போய் அரசியலைத் திணிக்கலாமா' என்று கேட்பவர்களுக்கு: திணித்தது நானில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டுகிறேன். 'பொன்னியின் செல்வ'னிலேயே பாருங்கள். அதில் பெண்கள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அரசியல் சூழ்ச்சியில் குந்தவையையும் நந்தினியையும் விஞ்ச ஆளில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வந்தியத்தேவன் பெயர் வருவதே கொடை கொடுத்த குந்தவையின் கணவன் என்ற அடையாளத்தில்தான். கல்கி அவளுக்கு மூளை கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் 'அடுத்து என்ன நடக்குமோ' என்று தெரியாத வழியில் இறங்கி நடக்கிற சந்தோஷத்தை யாருக்குக் கொடுத்தார்?

ஒரே ஒருத்திக்குக் கொடுத்தார். பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்துக் காவலரின் மகள். தன்னந்தனியாகப் படகு தள்ளிக் கடலுக்குள் போகிறவள். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோய் விடுவது அவள். புயலில் கவிழ்ந்து மிதந்த அவனையும் இளவரசனையும் தூக்கிக் கரைசேர்ப்பதும் அவள். குதிரையில் வந்த வீரன் கடலைக் கண்டதும் கையைப் பிசைகிறான், துடுப்பு பிடித்த பெண் காப்பாற்றுகிறாள். இதைப் படித்தபோது திண்ணையில் இருந்த பெண் பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் கதை என்ன செய்கிறது? அவளைச் சேந்தன் அமுதனுக்குக் கட்டிக்கொடுத்து, அவனை உத்தம சோழனாக்கி, அவளை அரண்மனையில் உட்கார வைக்கிறது. அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டதாகக் கதைக்கு நினைப்பு. அவளோடு வந்த மற்றவர்கள் கதியைப் பாருங்கள்: வந்தியத்தேவனை நேசித்த மணிமேகலை பித்துப் பிடித்து இறந்துபோகிறாள். காட்டிலும் தீவிலும் தன் இஷ்டத்துக்குத் திரிந்த ஊமை ராணி அரசன்மேல் பாய வந்த வேலைத் தன்மேல் வாங்கிச் சாகிறாள். சுற்றித் திரிகிற பெண்ணுக்குச் சிம்மாசனம் இல்லையென்றால் சாவு.

கல்கியை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். இது அவருக்கு முன்னாலிருந்தே வருகிறது. எங்கள் ஊரிலிருந்து அணையைத் தாண்டி வைகையோடு கீழே போனால் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை. அங்கே 2006-ல் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை, இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் என்கிறார்கள். அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், செத்துப்போன தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, எங்கள் பள்ளத்தாக்குத் தமிழ் ஆயிற்றே. இப்போது யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. அந்த மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியவள், பால் கறந்தவள், அவன் செத்த பிறகு அவன் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கியவள், இவர்களில் ஒருத்திக்கும் கல் இல்லை. மாட்டைப் பிடிக்கப் போனவனுக்குக் கல், மாட்டை வளர்த்தவளுக்குச் சாணி.

புறநானூற்றுத் தாயைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். முன்பு ஒரு போரில் பிறந்த வீட்டு ஆணைப் பறிகொடுத்தவள், நேற்று ஆநிரைச் சண்டையில் கணவனைப் பறிகொடுத்தவள், இன்று பறைச் சத்தம் கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலை வாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், பெண். பெறுவது என் கடமை, வாளெடுத்து வெல்வது மகனின் கடமை என்று பங்கு பிரித்த பொன்முடியாரும் பெண். வீரனின் கதையில் நமக்கு ஒதுக்கிய இடம் அதுதான்: வழியனுப்புவது. எண்ணெய் தடவிவிடுவது. எங்கள் வகுப்பில் இதைக் கண்ணீர் மல்க நடத்தினார்கள். அந்தத் தாய்க்கு ஒரு மகள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்றிருப்பார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் தனியாக நடந்துபோன பெண் ஒருத்தி உண்டு, ரொம்பப் பிரபலம். கண்ணகி. மதுரையை எரித்துவிட்டு வையைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறினாள் என்று சிலம்பு சொல்கிறது. கூடலூருக்கு மேலே மலையில் அவளுக்குக் கோயில் இருக்கிறது, சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் அனுமதி. நானும் போயிருக்கிறேன். சோழ நாட்டில் பிறந்து பாண்டிய நாட்டைக் கடந்து சேர எல்லைவரை நடந்தவள். தமிழில் இவ்வளவு தூரம் பயணம் செய்த பெண்கள் எத்தனை பேர்? ஆனால் அவள் தனியாக நடக்க என்ன விலை கொடுத்தாள் என்று பாருங்கள். புருஷன் வெட்டுப்பட வேண்டியிருந்தது. ஒரு முலையைத் திருகி எறிய வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் ஒருவனும் அவளைப் பார்த்து 'எங்கம்மா தனியாப் போற' என்று கேட்கவில்லை.

'ஏன், எங்களிடம் வேலு நாச்சியார் இல்லையா' என்று ஒரு கட்சி உடனே கிளம்பும். இருக்கிறார். எனக்கும் அவர்மேல் மதிப்பு உண்டு. பள்ளி மாறுவேடப் போட்டியில் வருடம் தவறாமல் ஏதாவது ஒரு பெண் பிள்ளை அட்டை வாளோடு வேலு நாச்சியாராக வந்து நிற்கிறாள். ஆனால் அந்தக் கதையும் எங்கே தொடங்குகிறது? 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு. எட்டு வருடம் விருப்பாச்சியில் அடைக்கலம் இருந்து, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780-ல் சிவகங்கையை மீட்டார். மாபெரும் காரியம். ஆனால் நாம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? அரச குலத்தில் பிறந்திருக்க வேண்டும், புருஷன் சாக வேண்டும், நாடு போக வேண்டும், அப்போது உனக்குக் குதிரை தருவோம். வந்தியத்தேவனுக்கு இப்படி எந்த நிபந்தனையும் போடவில்லை. அவன் சும்மா வந்தான். ஏரியை வேடிக்கை பார்த்தான். சும்மா வருவதற்கான உரிமையைத்தான் நான் கேட்கிறேன்.

கனடாவில் 1980-ல் வந்த ஒரு படக்கதை உண்டு, ராபர்ட் மன்ச் எழுதியது. டிராகன் வந்து கோட்டையையும் இளவரசியின் துணிமணியையும் எரித்துவிட்டு இளவரசனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. எலிசபெத் என்கிற அந்த இளவரசி எரியாமல் மிச்சமிருந்த ஒரு காகிதப் பையை உடுத்திக்கொண்டு போய், டிராகனைத் தந்திரமாகக் களைக்க வைத்து அவனை மீட்கிறாள். அவனோ, போய் ஒழுங்காக உடுத்திக்கொண்டு வா என்கிறான். அவள் அவனைப் போடா என்று விட்டுவிட்டுக் குதித்துக்கொண்டு போகிறாள், கல்யாணம் கிடையாது. மன்ச் குழந்தைகள் காப்பகத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்த ஆள். எப்போதும் இளவரசன்தான் காப்பாற்றுகிறான், ஒரு தடவை இளவரசி காப்பாற்றினால் என்ன என்று அங்கே கூட வேலைபார்த்த அவர் மனைவி கேட்டதால் பிறந்த கதை அது. ஒரு பெண் கேட்டால் ஒரு புத்தகம் மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் கதையிலும் ஒரு சின்ன வருத்தம் எனக்கு உண்டு. வாசலைத் தாண்டுவதற்கு எலிசபெத்துக்கும் வீடு எரிய வேண்டியிருந்தது.

வீடு எரியாமல், புருஷன் சாகாமல், சாதாரண நாளில் பெண்கள் கிளம்பிப்போன கதை நம்மிடம் இல்லையா? கண்முன்னால் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள். ரோட்டில் நின்று ஆண்கள் அசிங்கமாகப் பேசினார்கள், அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடுத்த வருடமே ஒரு அமைச்சர் மேடையில் நின்று 'ஓசி' என்றார். வந்தியத்தேவனின் குதிரைக்கு யார் கொள்ளு வைத்தார்கள் என்று எந்த அமைச்சரும் இதுவரை கேட்டதில்லை. கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கமெல்லாம் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பும். உள்ளே திணித்துத் திணித்துப் பெண்கள். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி என்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மாநிலம் தாண்டி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டுக்குள் திரும்புவார்கள். ஜீப் உருண்டு செத்தவர்கள் உண்டு. தினமும் மலை தாண்டி வேறு நாடு போய்க் காசோடு திரும்புகிறவரைக் கதையில் என்னவென்று சொல்வோம்? இந்தப் பெண்களைக் கூலியாள் என்கிறோம். ஒரு படக்கதைக்காரர்கூட அந்த ஜீப்பை வரையவில்லை.

திண்ணைப் பிள்ளையிடம் திரும்புகிறேன். டிசம்பரில் அவள் பெரிய மனுஷி ஆனாள். சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் போனாள், ஆனால் சாயங்காலம் திண்ணைக்கு வருவது நின்றுபோனது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மூன்று வாரம் பார்த்துவிட்டு அம்மாச்சி புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அவள் அம்மா வடுகபட்டிச் சந்தையிலிருந்து கொண்டுவந்த பூண்டை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் ஆரம்பித்தேன். படிப்பு, உரிமை, இரண்டு தெருதானே என்று எல்லாம் பேசினேன். கேட்டுமுடித்து அவள் சொன்னாள்: "ஒனக்கென்னத்தா, நீ கதையச் சொல்லிட்டு ஒன் வீட்டுக் கதவச் சாத்திக்குவ. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாக, வயசுக்கு வந்த புள்ளைய ஊர்சுத்த விட்டியாக்கும்னு."

எனக்கு வாயடைத்துப் போனது. வழியனுப்புகிற வேலை மட்டுமல்ல, தடுத்து நிறுத்துகிற வேலையும் அவளுடையதாக்கப்பட்டிருக்கிறது. ஊர் தன் கையால் எந்தக் கதவையும் சாத்துவதில்லை, அம்மாக்களை வைத்துச் சாத்திக்கொள்கிறது. இதை நான் அவளைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேச்சை மாற்ற, உங்களுக்குப் பிறந்த ஊர் எது என்று கேட்டேன். கம்பம் பக்கம் என்றாள். ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கீங்களா?

"போகாம? பதினஞ்சு வயசுல ஏறுனவ. மொத நாளு வளைவு வளைவுக்கு வாந்தி. எறங்கிப் பாத்தா ஒண்ணும் தெரியல, ஒரே மஞ்சு. பக்கத்துல நிக்கிறவ மொகம் தெரியல. செத்தோம்டா சாமின்னு நெனச்சேன். பெறகு வெயில் வந்துச்சு பாரு..." உரித்த பூண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் கீழே தெரிந்த ஊர்களைப் பற்றிச் சொன்னாள். யானைச் சாணியை மிதித்ததைச் சொன்னாள். ஒருநாள் ஜீப் பழுதாகி நடுக்காட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். கல்யாணத்தோடு எல்லாம் நின்றது.

மகள் எழுதுவதை எப்போது நிறுத்தினாள் என்று கவனிக்கவில்லை.

"இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேம்மா."

"நீ என்னிக்குக் கேட்ட?"

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு ஜீப் வரைய ஆரம்பித்தாள். சக்கரம் இரண்டும் ஒரே அளவில் வரவில்லை, அழித்து மறுபடி போட்டாள். பிறகு பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "எத்தன பேரும்மா இருந்தீக உள்ள?"

"பதினாறு. பின்னாடி தொங்குனதுல ரெண்டு."